கோடரியும் கஞ்சித்தொட்டியும்

இராயபுரத்து முதியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் அதற்கு வந்தது 1930களில்தான். கஞ்சித்தொட்டி என்னும் பெயரோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. ஹைதர் அலியின் படைகள் கருநாடகப் பகுதியில் போரிட்டுக்கொண்டிருந்த நாள்களில் நாட்டுப்புறம் பாழ்பட்டது, பஞ்சம் பரவியது, உண்ண வழியற்றோர் கூட்டங்கூட்டமாகச் சென்னப்பட்டணத்தின் வடக்கு வாயிலை நோக்கி வந்தனர். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782இல் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். ஆங்கில ஆவணங்கள் அதை ‘மோனேகார் சவுல்ட்ரி’ என்று உருச்சிதைத்து எழுதின. சத்திரத்தைச் சார்ந்து நோயாளர் விடுதி எழுந்தது. விடுதி மருத்துவமனையாக வளர்ந்தது. மக்கள் நாவில் மட்டும் கஞ்சித்தொட்டியின் நினைவு அழியவில்லை.

வேலை இழந்தவனை ஒரு சமுதாயம் எப்படிப் பார்த்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு வடசென்னையைப் போல வேறோர் ஏடு கிடைப்பது அரிது. இராயபுரத்திலிருந்து தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை செல்லும் அந்தக் கடலோரப் பட்டையில் கஞ்சி ஊற்றியவர்களும் இருந்தார்கள். கூலியைக் குறைத்துக் கொடுத்துப் பசியை அளந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். வேலைக்குக் காத்திருக்கும் நேரத்திற்கும் விலை உண்டு என்று சட்டம் எழுதியவர்களும் இருந்தார்கள். நம் மஹல்லாக்களில் ஆண்டுதோறும் ஸகாத் பணம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதை வாங்க நிற்கும் வரிசையில், கைகால் திடமாக உள்ள நடுவயதினர் சிலரையும் காண்கிறோம். ‘உழைத்துச் சாப்பிட்டால் என்ன?’ என்று அவர்கள் காதுபடவே சொல்பவர்கள் உண்டு. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் இச்சொல்லுக்கு மார்க்கத்தில் என்ன இடம் என்பதை இவ்வரலாற்றின் வழியே பார்ப்பது பயன் தரும் எனக் கருதுகிறோம்.

அவ்வாறு சொல்வோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது அன்ஸாரித் தோழர் ஒருவரின் நிகழ்ச்சியை. அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் அது பதிவாகியுள்ளது. உதவி கேட்டு வந்த அத்தோழரிடம், வீட்டில் ஏதேனும் உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு பாதியை உடுத்தி மறுபாதியை விரித்துக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், தண்ணீர் அருந்தும் கிண்ணம் ஒன்றும் இருப்பதாக அவர் கூறினார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரத்தில் ஏந்தி ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூடுதலாகத் தருவோர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்கப்பட்டபின், மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாரிடம் சேர்க்கவும், மற்றதற்குக் கோடரி வாங்கி வரவும் அத்தோழருக்குக் கட்டளை பிறந்தது. கொண்டுவந்த கோடரிக்கு நபியவர்களே காம்பு பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள்கள் தம் கண்ணில் படக்கூடாதென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை வல்லுநர் சிலர் குறை கண்டுள்ளனர். ஆயினும் முதுகில் விறகுச் சுமை தூக்கி விற்பது பிறரிடம் கேட்பதைவிடச் சிறந்தது என்னும் கருத்து ஸஹீஹுல் புகாரியில் உறுதியாக உள்ளது. நம் கவனம் வேறோரிடத்தில் நிற்கிறது. இந்நிகழ்ச்சியைச் சோம்பலுக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர், அதில் நடந்தவற்றில் பாதியை விட்டுவிடுகின்றனர். வந்தவரை எவரும் கடிந்துகொள்ளவில்லை. முதல் திர்ஹம் குடும்பத்தின் பசிக்குப் போயிற்று. கோடரி அதன்பின் வந்தது. கோடரியும் அறிவுரையாக வரவில்லை, பொருளாக வந்தது, காம்போடு வந்தது. உழைப்பின் பயன் தெரிய எத்தனை நாள் ஆகும் என்பதும் கணக்கிடப்பட்டது. இன்னொன்றும் உண்டு. மதீனாவைச் சுற்றி வெட்டுவதற்கு விறகு இருந்தது. நகருக்குள் அதை வாங்குவார் இருந்தனர். இவ்விரண்டும் இல்லாத ஊரில் கோடரியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே வடசென்னையின் கதை.

சத்திரத்துக் கஞ்சிக்கு நிபந்தனை இல்லை. பசித்தவன் வந்தான், குடித்தான். ஆனால் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நூறாண்டுக்குப் பின், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது ஆங்கில அரசு வேறு வழியை நாடியது. 1834இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம் அவர்கள் மனத்தில் இருந்தது. உதவி பெறுபவனின் நிலை, உதவியின்றி உழைக்கும் கடைநிலைக் கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. உதவி இனிமையாக இருந்தால் மக்கள் உழைப்பை விட்டுவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். 1877 சனவரியில் வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று வகுத்தார். மண் வெட்டுவோனுக்கு ஒரு பவுண்டு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், அந்த அளவு உயிரைத் தாங்காது என்று எழுதி எதிர்த்தார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தவர்களுக்கு அந்த உயர்வு எட்டவில்லை.

அப்பஞ்ச காலத்து வேலைகளுள் ஒன்று அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய். ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பின்னர் அப்பெயர் கால்வாய் முழுவதற்கும் பரவிற்று. அதன் வட பகுதி மிகப் பழையது: சென்னையிலிருந்து எண்ணூருக்குப் படகு செல்ல 1806 அளவில் வெட்டப்பட்டுக் காக்ரேன் கால்வாய் என அழைக்கப்பட்டது. விறகும் உப்பும் சுண்ணாம்பும் அதன் வழியே நகருக்கு வந்தன. பஞ்சத்தில் வெட்டிய கால்வாய் பின்னாளில் வணிகத்துக்கு உதவியது உண்மை. ஆனால் வெட்டியவனுக்கு அந்த வேலை பிழைப்பாக அளிக்கப்படவில்லை. அவன் உண்மையிலேயே பசித்தவன்தானா என்று அறியும் சோதனையாக அளிக்கப்பட்டது. மண்வெட்டி கையில் கொடுக்கப்பட்டதால் மட்டும் இதை அன்ஸாரித் தோழரின் கோடரியோடு ஒப்பிட்டுவிட முடியாது. அங்கே கருவி அவருடைய உடைமை; ஈட்டிய பத்து திர்ஹமும் அவருடையது.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன அப்படகு, அலையில் வளைந்து கொடுக்கும்; ஐரோப்பியப் படகுகள் நொறுங்கிய இடத்தில் அது தாங்கும். அதைச் செலுத்தும் திறன் தலைமுறைகளாக வந்தது. 1876இல் செயற்கைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. 1881இன் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை மாற்றியமைத்து, இன்று நாம் காணும் வடிவுக்கு அடியிட்டார். கப்பல் நேரே துறையை அணைந்தபோது மசூலாவின் தேவை சிறிது சிறிதாக மறைந்தது. படகோட்டிகளின் கை தளரவில்லை. அவர்களுடைய கோடரி கூர்மழுங்கவில்லை. காடுதான் இல்லாமற் போயிற்று.

ஸ்பிரிங் பெயரைச் சொன்னதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். கல்லூரித் தேர்வுகளில் தவறி, ஆண்டுக்கணக்கில் வேலையின்றி, குறிப்பேடுகளை இடுக்கிக்கொண்டு வாயில்தோறும் ஏறி இறங்கிய கணிதமேதை இராமானுஜனுக்கு இராமச்சந்திர ராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்துத் தாங்கினார். அந்தக் கொடையில் நெடுங்காலம் இருக்க இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் துறைமுகக் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். கொடைக்கும் சம்பளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு ஐந்து ரூபாய்தான். அந்த ஐந்து ரூபாயின் எடையைப் பொருளியல் நூல்கள் எப்படிக் கணக்கிடும் என்று நாம் வியப்பதுண்டு.

எழுத்தருக்குக் கிடைத்த நிலைப்பு சுமைதூக்குவோருக்கு இல்லை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. விடியற்காலையில் துறைமுக வாயிலில் கூட்டம் கூடும். சரக்கேற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி ஆள்களைப் பொறுக்கியெடுப்பார். உறவினனும் கையூட்டுக் கொடுத்தவனும் முன்னே செல்ல, எஞ்சியோர் வீடு திரும்புவர். ஒப்பந்தக்காரருக்கு இதில் இலாபம் இருந்தது: பத்துப் பேருக்கு வேலை இருக்கையில் முப்பது பேர் காத்து நின்றால் கூலி ஏறாது. இலண்டனிலும் இதே காட்சிதான். 1889இல் அங்குத் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, ஒருமுறை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரக் கூலியேனும் தரவேண்டும் என்பதும் கோரிக்கையாயிற்று. காத்திருக்கும் கூட்டத்தை அதிகாரம் வேறு வகையிலும் பயன்படுத்தும். 1921இல் பெரம்பூர் பின்னி ஆலைகளில் நடந்த நெடிய வேலைநிறுத்தத்தில், பணிக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும், நிறுத்தத்தில் நின்ற முஸ்லிம்கள் உள்ளிட்ட ஏனையோருக்கும் இடையே மூண்ட பகை புளியந்தோப்பில் தீவைப்பாகவும் உயிர்ச்சேதமாகவும் முடிந்தது. ஏழையை ஏழையோடு மோதவிட்ட அவ்வரலாற்றை நம் முன்னோர் பெருமையோடு நினைவுகூர இடமில்லை.

1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், துறைமுகக் கூலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்துமாறு பரிந்துரைத்தது. அது ஏட்டில் கிடந்து, நாடு விடுதலை பெற்றபின் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலைமுறைச் சட்டமாயிற்று. 1950களின் முற்பகுதியில் சென்னையிலும் அதன்படி வாரியம் அமைந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் அதில் இடம்பெற்றன. தொழிலாளர் தரப்பில் தொழிற்சங்கங்கள் பொருதி நின்ற காலம் அது. ஈழத்திலிருந்து வந்து 1947இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய அந்தோணிப்பிள்ளை, பின்னர் துறைமுகத் தொழிலாளரின் தலைவராக விளங்கி, 1957இல் வடசென்னையின் நாடாளுமன்ற உறுப்பினருமானார்.

அச்சட்டத்தின் உட்பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பதிவுபெற்ற தொழிலாளி முறை வைத்து அனுப்பப்படுவான். மேஸ்திரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. வேலைக்கு வந்து நின்றும் கப்பல் இல்லாமையால் வேலை கிடைக்காவிடில், அந்நாளுக்கு வருகைப்படி உண்டு. மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்களுக்கேனும் கூலி உறுதி. அதற்கான செலவை, அவனைப் பயன்படுத்தும் ஒப்பந்தக்காரர்கள் செலுத்தும் தீர்வையிலிருந்து ஈடுகட்டினார்கள். அதாவது, ஒருவன் வேலையின்றி நிற்பது அவனுடைய குணக்கேடு என்ற பழைய நம்பிக்கையை இச்சட்டம் ஒதுக்கித் தள்ளிற்று. கப்பல் வராமைக்குச் சுமைதூக்குவோன் பொறுப்பாளி ஆகமாட்டான். அவன் காத்திருப்பதால் பயனடைவோர் எவரோ அவரே காத்திருப்பின் விலையையும் கொடுக்க வேண்டும். இம்முறையில் குறைகளும் மலிந்தன. தந்தை இடத்தில் மகன் என்று பதிவு மரபுரிமைபோல் ஆயிற்று. வெளியே நின்றவனுக்குக் கதவு திறக்கவில்லை. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கஞ்சித்தொட்டி முதல் இன்றுவரை வடசென்னை கண்ட ஏற்பாடுகளுள் நீதிக்கு மிக அணித்தாக வந்தது இதுவே என்பது நம் துணிபு.

அது நிலைக்கவில்லை. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிச் சரக்குப்பெட்டக முனையத்தை இந்திரா காந்தி அம்மையார் திறந்துவைத்தார். மூட்டையாக வந்தது பெட்டியாக வந்தது. பலர் பல நாள் சுமந்ததைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் இறக்கிற்று. பிரிட்டனில் 1947இல் ஏற்பட்ட துறைமுகத் தொழிலாளர் திட்டம் 1989இல் ஒழிக்கப்பட்டது. இங்கே 1997இன் சட்டம், பெருந்துறைமுகங்களில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்கிக்கொள்ள வழிசெய்தது. அதன்பின் சென்னை வாரியமும் துறைமுக நிருவாகத்தோடு இணைந்தது. 2001இல் பெட்டக முனையம் தனியார் கைக்குச் சென்றது. அதே ஆண்டு எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2014 முதல் அது காமராசர் துறைமுகம். உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2011இல் நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னையை விட்டு வடக்கே போயின. இராயபுரத்தார் சுவாசித்த கரித்தூசு குறைந்தது நன்மைதான். அந்தத் தூசோடு சிலரின் கூலியும் போயிற்று. தூசோ எண்ணூருக்குச் சென்றது. கூலி அங்கே முழுதாகச் செல்லவில்லை, ஏனெனில் புதிய துறைமுகத்தின் நிலக்கரி பெரும்பாலும் எந்திரத்தாலும் ஓடுபட்டையாலும் நகர்கிறது.

பின்னி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017இல் நிறுத்தப்பட்டது. மோட்டார் வண்டித் தொழிலின் புதிய ஆலைகள் திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தென்மேற்கே எழுந்தன. ஐம்பது வயதுச் சுமைதூக்குவோன் அங்கே எதைத் தூக்குவான்?

வேலையிழந்தோரை மீண்டும் வேலையில் அமர்த்த அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது முறையாகாது. 1992இல் மைய அரசு தேசியப் புதுப்பிப்பு நிதியைத் தோற்றுவித்தது. ஆலை மூடலால் வெளியேறுவோர்க்கு மறுபயிற்சி அளித்து வேறு வேலையில் சேர்ப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையில் அதன் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகையாகவே கரைந்தது. மொத்தமாகக் கைக்கு வரும் பணம் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் நேரிற் கண்டிருக்கிறோம். ஒரு மகளின் திருமணம், ஒரு கடன் தீர்வு, கூரைக்குப் பதில் தளம்; பிறகு மீண்டும் வெறுங்கை. அவற்றை வீண் செலவென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் கோடரி இல்லை.

வேலைவாய்ப்பு அலுவலகங்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. 1945இல், போர் முடிந்து திரும்பிய படைவீரர்களைக் குடிவாழ்வில் அமர்த்துவதற்காகவே அவை தொடங்கப்பெற்றன. 1959இன் சட்டம், காலியிடங்களை அவற்றுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கிற்று. அறிவிப்பது கட்டாயம், அங்கிருந்து ஆளெடுப்பது கட்டாயமன்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு இளமையைக் கழித்தவர்கள் தமிழகத்தில் எத்தனையோ பேர். 2006இல் தமிழக அரசு அவர்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தோர்க்கே அது உரியது. பின்னர் உயர்த்தப்பட்ட அளவின்படி, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். காத்திருப்பை அரசு ஏற்றுக்கொண்டது என்பதில் மகிழலாம். அதன் விலையை எவ்வளவாக மதித்தது என்பதும் அத்தொகையிலேயே உள்ளது.

நெடுநாள் வேலையின்மை மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரியாவிலிருந்து ஒரு சான்று. மரியன்தால் என்னும் சிற்றூரில் 1930ஐ ஒட்டி ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடாவும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அங்குச் சென்று ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். ஓய்வு மிகுந்தால் மக்கள் மிகுதியாகப் படிப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். அங்கே நூலகத்தில் நூல் எடுப்போர் தொகை குறைந்தது. தெருவில் ஆடவரின் நடைவேகம்கூடத் தளர்ந்தது. பெண்களுக்கு வீட்டுவேலை ஓயவில்லையாதலால் அவர்கள் நடை அவ்வளவு தளரவில்லை. வேலையின்மை கிளர்ச்சியைவிடச் சோர்வையே விளைவிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்படியானால் நாம் வெளியிலிருந்து பார்த்துச் ‘சோம்பல்’ என்று பெயரிடுவது, பல வேளைகளில் காரணமன்று, விளைவு. அதே ஊரில் 2020 அக்டோபரில், ஓராண்டுக்கு மேல் வேலையற்றிருந்த ஒவ்வொருவருக்கும் கூலியுடன் வேலை உறுதி என்றொரு சோதனைத் திட்டம் தொடங்கிற்று. சேருவது அவரவர் விருப்பம். வாய்ப்பளிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் வந்து சேர்ந்தனர்.

இனி நம் நூல்களுக்குத் திரும்புவோம். இறுதி ஹஜ்ஜின்போது தர்மப் பொருள் கேட்டு வந்த இருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். இருவரும் திடகாத்திரர்களாக இருந்தனர். செல்வந்தனுக்கும் ‘கவிய்யுன் முக்தஸிப்’ ஆனவனுக்கும் இதில் பங்கில்லை என்று அறிவுறுத்தினார்கள். கவிய்யு என்றால் வலிமையுடையவன். முக்தஸிப் என்றால் ஈட்டுபவன். வலிமை என்னும் சொல் மட்டும் நிற்காமல், ஈட்டுதல் என்னும் சொல்லும் சேர்ந்து நிற்பதை இமாம்கள் கூர்ந்து நோக்கினர். வலிமை உடலைப் பற்றியது. ஈட்டுதல் சந்தையைப் பற்றியது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்), தம் ‘மஜ்மூஉ’ என்னும் பெருநூலில், உழைக்கும் ஆற்றல் உள்ளவனை வேலைக்கு அமர்த்துவார் எவரும் இல்லாவிடில் அவனுக்கு ஸகாத் ஆகுமாகும் என்று தெளிவாக எழுதினார்கள். 1931இன் ஆணையமும் 1948இன் சட்டமும் தட்டுத்தடுமாறி வந்தடைந்த இடத்தில், ஏழு நூற்றாண்டுக்கு முன் ஷாஃபிஈ ஃபிக்ஹு நின்றுகொண்டிருந்தது.

பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ நம் மதரஸாக்களில் இன்றும் ஓதிக்கொடுக்கப்படுகிறது. ஏழை யார் என்று அதில் வரையறுக்கையில், பொருளும் இல்லாமல் தனக்குத் தகுந்த உழைப்பும் இல்லாதவன் என்று வருகிறது. அந்தத் ‘தகுந்த’ என்னும் அடையை மாணவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். முப்பதாண்டு சரக்குக் கணக்கு எழுதியவனைக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொல்லி, மறுத்தால் திமிர் என்று பட்டியலிலிருந்து நீக்க இந்தச் சொல் இடம் தராது. (மார்க்கக் கல்வியில் முழுநேரம் ஈடுபட்டிருப்பவன் உழைப்பால் கல்வி தடைப்படுமானால் ஸகாத் பெறலாம் என்றும், உபரித் தொழுகையில் ஈடுபட்டிருப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் இமாம்கள் கூறுவர். முதற்பாதியை நம் மாணவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.)

எவ்வளவு கொடுப்பது என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஒருவருக்கே நிஸாப் அளவு முழுவதையும் கொடுப்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) விரும்பவில்லை. கடனும் குடும்பச் சுமையும் உள்ளவனுக்கு விலக்கு உண்டு. ஷாஃபிஈ அறிஞர்களோ, தொழில் தெரிந்தவனுக்குக் கருவியின் விலை, வணிகம் தெரிந்தவனுக்கு முதல், இரண்டும் தெரியாதவனுக்கு எஞ்சிய வாழ்நாளுக்குப் போதுமானது என்றனர். கொடுத்தால் தன்னிறைவு அடையுமாறு கொடுங்கள் என்னும் கருத்து உமர் (ரலி) அவர்களைச் சார்ந்ததாக அபூஉபைத் தம் ‘அம்வால்’ நூலில் பதிந்துள்ளார். வடசென்னையில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறார்கள். நடைமுறையிலோ இரண்டையும் விட்டு, ரமளான் இருபதுக்குமேல் கடைவாயிலில் வரிசை நிறுத்தி ஆளுக்கு ஒரு நூறோ இருநூறோ கொடுக்கும் மூன்றாவது வழியே பெருவழக்காக உள்ளது. ஒரு மஹல்லாவின் பொறுப்பாளர்களிடம், பத்துக் குடும்பத்தைத் தேர்ந்து முழுமையாக நிமிர்த்தலாமே என்று சில ஆண்டுகளுக்கு முன் எடுத்துரைத்தோம். ஐந்நூறு பேர் வருத்தப்படுவார்களே என்றார்கள். அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. முதல் திர்ஹம் உணவுக்கு என்பதும் சுன்னத்தே. இரண்டாவது திர்ஹத்தை எங்கே வைப்பது என்பதற்குத்தான் அவர்களிடம் விடையில்லை.

காடற்ற இடத்தில் கோடரி பயன்படாது என்று மேலே சொன்னோம். எண்ணூர்க் கழிமுகத்து மீனவரிடம் படகும் வலையும் இன்றும் உள்ளன. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றுப் படுகையில் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவிற்று. அவர்களுக்கு இன்னொரு வலை வாங்கிக் கொடுப்பது ஸகாத் குழுவின் வேலையாகலாம். ஆற்றை மீட்பது அதனால் இயலாது. அது அரசின் கடன். ஆற்றைக் கெடுத்த ஆலைகளின் கடன். தனிமனிதனின் கருவியை எவர் தருவது, சந்தையையும் ஆற்றையும் எவர் காப்பது என்ற இரு வினாக்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், கடைசியில் பழி கைவலிமை உள்ள ஏழையின் தலையில் வந்து விழுகிறது.

இமாம் நவவீ (ரஹ்) தம் ‘ரவ்ளா’ நூலில் முதலின் அளவுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் பட்டியல் தருகிறார்கள்: கீரை விற்பவனுக்கு ஐந்து திர்ஹம், பழவணிகனுக்கு இருபது, ரொட்டி சுடுபவனுக்கு ஐம்பது, மளிகைக்காரனுக்கு நூறு, நறுமணப் பொருள் விற்பவனுக்கு ஆயிரம், துணிவணிகனுக்கு இரண்டாயிரம், நாணயம் மாற்றுபவனுக்கு ஐயாயிரம், மணிவணிகனுக்குப் பத்தாயிரம். திமிஷ்கு நகரக் கடைத்தெருவை நடந்து பார்த்து எழுதியதுபோல் உள்ளது அது. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணுக்கு ஐஸ் பெட்டியும் தராசும் சேர்த்து என்ன விலை, பெட்டக லாரி ஓட்டக் கனரக உரிமம் பெறப் பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, ஐம்பது வயது வெல்டருக்கு எந்திரமும் முகக்கவசமும் எவ்வளவு, தையல் தெரிந்த விதவைக்கு மோட்டார் பொருத்திய தையல் எந்திரம் எவ்வளவு என்று இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் அப்படியொரு பட்டியல் எழுத, மஹல்லாவில் கணக்குத் தெரிந்த இளைஞர் இருவரும் ஒரு மாதப் பொழுதும் போதும்.